பெயர் தெரியாதவர்களின் ஊர்களில் பன்னிரண்டு நாள்

அக்டோபர் 5, பால்மா

ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் இறங்கியபோது மார்கழி முடிந்து தை பிறந்த மாதிரி ஒரு வெயில். உடம்பில் சுடவில்லை, கண் மட்டும் கூசியது.

நானும் ராத்தாவும் ஒரே பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவர்கள். அவர் காயல்பட்டினம், கணக்கு டீச்சர். நான் தூத்துக்குடி, வரலாறு. ராத்தாவின் மகன் மாட்ரிட்டில் வேலையில் இருக்கிறான். "உம்மா, டீச்சரையும் கூட்டிக்கிட்டு வாங்க" என்று மூன்று வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். எனக்கும் அங்கே ஒரு வேலை இருந்தது. ஸ்பெயின் நாட்டுக் கத்தோலிக்கப் புனிதர்களான அவிலா தெரசம்மாளையும் சிலுவை அருளப்பரையும் சின்ன வயதிலிருந்து வாசித்து வளர்ந்தவள் நான். அவர்களுடைய எழுத்தில் இஸ்லாமிய ஞானிகளான சூஃபிகளின் சாயல் இருக்கிறது என்று ஆய்வாளர்கள் நூறு வருஷமாகச் சொல்லிவருகிறார்கள். அதில் எவ்வளவு ஆதாரம், எவ்வளவு ஊகம் என்று அந்த ஊர்களில் நின்று யோசிக்க வேண்டும் என்பது என் ஆசை.

பயணத்தை மயோர்க்காவில் தொடங்கக் காரணம் ரமோன் லூல். 1232 வாக்கில் இதே பால்மாவில் பிறந்தவர். சூஃபிகளிடமிருந்து எடுத்துக்கொண்டதாகத் தானே எழுதிவைத்த கிறிஸ்தவர். அவருடைய கதை ஒன்றில் ஒரு துறவி வருகிறார். இஸ்லாமியரிடையே 'சூஃபிகள்' என்ற பக்திமான்கள் உண்டு, அன்பின் சொற்களையும் சின்னச் சின்ன உவமைகளையும் சொல்வார்கள், அவை மனதை உருக்கும் என்று தான் கேள்விப்பட்டதை அந்தத் துறவி நினைத்துப் பார்க்கிறார். பிறகு அதே பாணியில் வருஷத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றாக வசனம் எழுதுகிறார். அன்பனும் அன்புக்குரியவனும் பேசிக்கொள்ளும் வசனங்கள். நமக்கு இது புரியாத சங்கதி இல்லை. தாயுமானவரும் பராபரக்கண்ணி பாடினார், குணங்குடி மஸ்தான் சாகிபும் பராபரக்கண்ணி பாடினார்.

லூலின் கல்லறை புனித பிரான்சிஸ் பேராலயத்தில், பீடத்துக்குப் பின்னால் ஒரு சிற்றாலயத்தில் இருக்கிறது. வெண்பளிங்கு மாதிரியான கல். உயரத்தில் இருப்பதால் முகம் சரியாகத் தெரியவில்லை. அங்கே நின்று ராத்தாவுக்கு மீதிக் கதையைச் சொன்னேன். முப்பது வயதில் மனம் மாறிய லூல், அரபி கற்றுக்கொள்ள ஒரு முஸ்லிம் அடிமையை விலைக்கு வாங்கினார். ஒன்பது வருஷம் படித்தார். ஒருநாள் அந்த அடிமை கிறிஸ்துவைப் பழித்துப் பேசியதாகக் கேள்விப்பட்டு அவரை அடித்தார். அவர் ஆயுதம் எடுத்து லூலின் வயிற்றில் குத்தினார். லூல் பிழைத்துக்கொண்டார், அடிமை சிறைக்குப் போனார். என்ன செய்வது என்று மடத்தில் மூன்று நாள் ஜெபித்துவிட்டு லூல் திரும்பியபோது, தன்னைக் கட்டியிருந்த கயிற்றிலேயே அவர் தூக்கில் தொங்கிக்கொண்டிருந்தார். தன் கையில் ரத்தம் படியவிடாமல் காத்ததற்காக லூல் கடவுளுக்கு நன்றி சொன்னார் என்று, லூல் உயிரோடு இருக்கும்போதே எழுதப்பட்ட வரலாற்றில் இருக்கிறது.

ராத்தா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த வாத்தியார் பேரென்ன டீச்சர்?" என்றார்.

பேர் எங்கேயும் இல்லை. ஒன்பது வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்தவர்.

சாயங்காலம் ஒரு ரொட்டிக்கடையில், இந்தத் தீவின் பேர்போன பலகாரமான என்சைமாதாவைக் கை காட்டினேன். சுருட்டி வைத்த கயிறு மாதிரி, மேலே சீனிப்பொடி. கடைக்காரம்மா ராத்தாவின் முக்காட்டைப் பார்த்துவிட்டு மேசையைச் சுற்றி வெளியே வந்தார். "சைம், சைம்" என்று சொல்லி விரலை ஆட்டினார். சைம் என்றால் பன்றிக்கொழுப்பு, அந்தப் பலகாரத்தின் பேரே அதிலிருந்துதான் வந்ததாம். வாதுமை, முட்டை, சீனி மட்டும் சேர்த்த கேக்கில் இரண்டு துண்டு வெட்டித் தந்தார். ஐந்து யூரோ. பணத்தை வாங்கும்போது ராத்தாவின் கையைத் தட்டிக்கொடுத்தார்.

அக்டோபர் 6, ராந்தா மலை

1274 வாக்கில் லூல் இந்த மலை உச்சியில் தனியாகத் தவம் இருந்தார். கடவுளின் நன்மை, பெருமை, ஞானம் போன்ற பண்புகளை ஒன்றோடொன்று சேர்த்துச் சக்கரம் போலச் சுழற்றிச் சிந்திக்கும் முறை அவருக்கு இங்கேதான் கிடைத்தது என்பது வழக்கு. உயரம் 540 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். யூக்மயோர் என்ற ஊர் வரை பஸ், அங்கிருந்து டாக்ஸி. பாதி மலையில் மேகம் இறங்கிவிட்டது. வண்டிக்கு முன்னால் பத்தடிகூடத் தெரியவில்லை. சைக்கிள்காரர்கள் திடீர் திடீரென்று முளைத்தார்கள். டிரைவர் ஹாரன் அடிக்கவே இல்லை, அவர்கள் பின்னாலேயே நடை வேகத்தில் போனார். மேலே சேர்ந்ததும் மீட்டரில் இருந்ததை மட்டும் வாங்கிக்கொண்டு, "மழைக்கு ஒதுங்கிக்கோங்க, ஒண்ணரை மணி நேரத்தில் வருகிறேன்" என்று கையால் சாடை காட்டிவிட்டுப் போனார். சொன்ன நேரத்துக்கு வந்தார்.

கூரா மடத்தின் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து சூப் குடித்தோம். மழை கண்ணாடியில் அடித்தது. லூல் கடவுளுக்கு நூறு பெயர் வைத்து ஒரு பாட்டுநூல் எழுதியிருக்கிறார் என்றேன். முஸ்லிம்களிடம் தொண்ணூற்றொன்பது திருநாமம் உண்டு, நூறாவதை அறிந்தவன் எல்லாம் அறிந்தவன் என்ற பேச்சு உண்டு என்று முகவுரையிலேயே சொல்லிவிட்டுத் தொடங்குகிறார். ராத்தா பையிலிருந்து தஸ்பீஹ் மணியை எடுத்து மேசைமேல் வைத்தார். "நூறாவதைத் தேடினவரு, முதல்ல இந்தத் தொண்ணூத்தொன்பதையும் ஓதித்தான இருப்பாரு?" என்றார்.

ஓதியிருப்பார். யாரிடம் கேட்டு ஓதினார் என்பதும் இப்போது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அக்டோபர் 7, மிரமார்

வால்தெமோசா ஊர் தாண்டி, கடலைப் பார்த்த மலைச்சரிவில் மிரமார். 1276இல் லூலின் வேண்டுகோளுக்காக அரசர் அமைத்துக்கொடுத்த மடம். பதின்மூன்று பிரான்சிஸ்கன் துறவிகள் தங்கி அரபி படிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இருபது வருஷம்கூட நிலைக்கவில்லை. ஆனால் லூல் விடவில்லை. பாரிஸ், ஆக்ஸ்போர்டு, பொலோஞா, சலமாங்கா ஆகிய இடங்களில் அரபியும் எபிரேயமும் கற்பிக்க வேண்டும் என்று 1312இல் வியன் நகரில் கூடிய திருச்சபைச் சங்கத்தைத் தீர்மானம் போட வைத்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

ஒன்றை மறைக்கக் கூடாது. முஸ்லிம்களை மதம் மாற்றத்தான் அவர் அரபி படித்தார். சிலுவைப்போருக்கும் ஆதரவாக எழுதினார். இப்படிப்பட்ட ஒருவர் சூஃபிகளின் பாணியை எடுத்து அவ்வளவு கனிவான வசனங்கள் எழுதினாரே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. வாதாடி ஜெயிக்கப் படித்த மொழி அவரையும் உள்ளே இழுத்துக்கொண்டது என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

திரும்பும் வழியில் வால்தெமோசாவில் உருளைக்கிழங்கு சேர்த்த பன் சாப்பிட்டோம், பஞ்சு மாதிரி இருந்தது. ராத்தாவின் முழங்கால் வீங்கிவிட்டது.

அக்டோபர் 9, ரோந்தா

மலாகாவுக்கு விமானம், அங்கிருந்து மலை வழியாக பஸ். வளைவுகளில் எனக்கு வாந்தி வந்துவிட்டது. முன் இருக்கையில் இருந்த பையன் தன் எலுமிச்சைப் பானத்தைத் திறந்து கையில் திணித்தான். பேர் கேட்கத் தோன்றவில்லை, இறங்கிய பிறகுதான் நினைவு வந்தது.

ரோந்தாவில் நூறு மீட்டர் பள்ளத்தின் மேல் பாலம் நிற்கிறது. எல்லாரும் அதைப் பார்க்க வருகிறார்கள். நான் தேடி வந்தது இப்னு அப்பாதின் ஊரை. 1333இல் இங்கே பிறந்து, மொரோக்கோ போய், ஃபெஸ் நகரத்தின் பெரிய பள்ளிவாசலில் பதினைந்து வருஷம் குத்பா ஓதி, 1390இல் மறைந்தவர். ஷாதுலிய்யா என்ற சூஃபி வழியை (தரீக்காவை) சேர்ந்தவர். காயல்பட்டினத்தில் வளர்ந்த ராத்தாவுக்கு ஷாதுலிய்யா என்ற சொல்லை விளக்க வேண்டியிருக்கவில்லை. வெள்ளிக்கிழமை திக்ரு கேட்டு வளர்ந்தவர்.

மிகேல் அசின் பலாசியோஸ் என்று ஒரு கத்தோலிக்கக் குருவானவர், பெரிய அரபி அறிஞர். சிலுவை அருளப்பருக்கு முன்னோடி இந்த ரோந்தாக்காரர் என்று 1933இல் எழுதினார். சூஃபிகள் உள்ளத்தின் நிலைகளில் இரண்டைச் சொல்வார்கள். கப்ளு என்றால் நெஞ்சு இறுகிப்போவது, பஸ்து என்றால் விரிந்து மலர்வது. மலர்ந்திருக்கும்போது 'நான்' என்பது அதில் பங்கு கேட்கும், இறுகிக் கிடக்கும்போது அதற்குப் பங்கே இல்லை, ஆகவே இருட்டில் கிடைப்பதுதான் பெரிய கொடை என்பது இப்னு அப்பாதின் போதனை. அந்த இறுக்கத்தை இரவோடு ஒப்பிடுவார். இருநூறு வருஷம் கழித்து வந்த அருளப்பரின் 'ஆன்மாவின் இருண்ட இரவு' இதே பேச்சைத்தான் பேசுகிறது. என் அம்மா இறந்துபோன வருஷத்தில் அதை வாசித்தேன். ஜெபம் உலர்ந்துபோன ஆளிடம் 'உலர்ந்திருப்பதே வழிதான்' என்று சொன்ன ஒரே புத்தகம் அது.

ஆனால் அருளப்பர் இப்னு அப்பாதை வாசித்தார் என்று காட்ட ஒரு துண்டுத் தாளும் கிடையாது. அசின் பலாசியோஸ் சொன்னதை மறுத்தவர்கள் நிறைய. இருட்டைப் பற்றிப் பேசக் கிறிஸ்தவர்களுக்கே பழைய மரபு இருக்கிறது. நானும் இந்த விஷயத்தில் மறுப்பவர்கள் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் வந்தேன். ஆவணமாகக் காட்ட முடிந்த உறவு 20ஆம் நூற்றாண்டில்தான்: அமெரிக்காவின் கென்டக்கி மடத்தில் இருந்த தாமஸ் மெர்ட்டன் என்ற துறவி இப்னு அப்பாதை வாசித்து, அவர்பால் ஈர்க்கப்பட்டுக் கவிதையே எழுதியிருக்கிறார்.

மத்தியானம் மழை விட்டதும் அரபிக் குளியல் கூடத்துக்கு இறங்கினோம். அதன் ஒரு மூலையில் நோரியா நின்ற கோபுரம் இருக்கிறது. கழுதை சுற்றிச் சுற்றி நடக்க, சக்கரத்தில் கட்டிய மண் கலயங்கள் கீழே போய் நீர் மொண்டு மேலே வந்து வாய்க்காலில் கவிழ்க்கும். மேலே ஏறிப் பார்த்தேன். கல்லில் ஓடும் அந்த வாய்க்கால் ஒரு சாண் அகலம்கூட இருக்காது. விளிம்பு நீர் பட்டுப் பட்டு மழமழத்துவிட்டது. சாத்தான்குளம் பக்கம் எங்கள் தாத்தா தோட்டத்தில் கமலை இறைத்த இடத்திலும் கல் இப்படித்தான் தேய்ந்திருந்தது.

தெரசம்மாள் தன் வரலாற்றில் ஜெபத்தைத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவதாகச் சொல்வார். முதலில் வாளியால் இறைப்பது, உடம்பு நோகும். அடுத்தது நோரியா, கொஞ்சம் இளைப்பு. மூன்றாவது ஆற்றுநீரோ ஓடைநீரோ பாய்வது. கடைசி, மழை. சக்கரத்துக்கு அவர் எழுதிய 'நோரியா', கலயத்துக்கு எழுதிய 'அர்க்கதுஸ்' இரண்டும் அரபியிலிருந்து வந்த சொற்கள். அவர் அரபி படித்ததில்லை. படிக்காமலே வாயில் இருந்தது.

அக்டோபர் 10, கிரனாடா

முஸ்லிம் அரசர்களின் பழைய அரண்மனைக் கோட்டையான அல்ஹம்ராவுக்கு மகன் முன்கூட்டியே டிக்கெட் எடுத்திருந்தான். அரண்மனைக்குள் போகக் குறித்த நேரம் உண்டு, பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும். நாங்கள் இரண்டையும் தங்குமிடத்திலேயே வைத்துவிட்டு வந்துவிட்டோம். எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் நேரம் கடந்துபோனது. ராத்தா வாசலுக்கு வெளியே கல்திண்டில் உட்கார்ந்து அழுதுவிட்டார். வாப்பா சொன்ன அல்ஹம்ரா கதைகளைக் கேட்டு வளர்ந்தவர். என் தவறுதான், பையைக் கட்டியது நான்.

அங்கிருந்து பத்து நிமிட நடையில் லோஸ் மார்த்திரெஸ் என்ற தோட்டம். காசு கிடையாது. 1582 முதல் 1588 வரை சிலுவை அருளப்பர் இங்கே இருந்த மடத்துக்குத் தலைவர். அவருடைய உரைநடையில் பெரும்பகுதி எழுதப்பட்ட இடம் இது. அவர் காலத்து நீர்ப்பாலம் ஒன்று இன்னும் நிற்கிறது. மயில்கள் குறுக்கே நடந்தன. தண்ணீர்ச் சத்தம் எந்தப் பக்கம் போனாலும் கூட வந்தது.

அவர் இங்கே வந்தபோது இந்த ஊர் காயம் ஆறாத ஊர். அரபி பேசவும் எழுதவும் 1567இல் தடை போட்டார்கள். அடுத்த வருஷம் கலகம் வெடித்தது. அதை அடக்கி முடித்ததும், கட்டாயத்தால் கிறிஸ்தவர்களாக்கப்பட்டிருந்த மொரிஸ்கோக்களைக் கூட்டம் கூட்டமாக வடக்கே காஸ்தீல் பகுதிக்கு விரட்டினார்கள். சொந்த மண்ணில் அவர்கள் வெட்டிய வாய்க்கால்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. அருளப்பர் குடித்ததும் அதில் வந்த தண்ணீர்தான். அவருடைய 'இரவு' கவிதை கடைசியில் லில்லிப் பூக்களுக்கு நடுவே கவலையை மறந்து கிடப்பதில் முடியும். அந்த லில்லிக்கு அவர் எழுதிய சொல் 'அசுசேனா'. ராத்தாவிடம் சொன்னேன். "சூசன்" என்றார் உடனே. அரபியில் அதுதான் பேர்.

அக்டோபர் 11, கிரனாடா

காலையில் பிப்-ரம்ப்லா சதுக்கத்தில் சுரோஸ், கெட்டியான சாக்லேட். இருவருக்கும் எட்டு யூரோ. பூக்கடைகளும் குழந்தைகளுமாக அழகான இடம். 1500 வாக்கில் கர்தினால் சிஸ்னேரோஸ் அரபி நூல்களைக் குவித்து எரித்தது இந்தச் சதுக்கத்தில் என்று சொல்கிறார்கள். மருத்துவ நூல்களை மட்டும் விட்டுவைத்தாராம். எங்களால் சாக்லேட்டை முடிக்க முடியவில்லை.

பிறகு ஒரு சந்தில் பழைய புத்தகக்கடை. எழுபது வயது தாண்டிய மனிதர், காதில் கருவி. நான் கைபேசியில் ஆறு மாதம் படித்த ஸ்பானிய மொழியில் 'அல்ஹமியாதோ' பற்றி ஏதாவது உண்டா என்று கேட்டேன். மொரிஸ்கோக்கள் ஸ்பானிய மொழியை அரபி எழுத்தில் எழுதி ரகசியமாக வைத்துக்கொண்ட ஏடுகளுக்கு அந்தப் பேர். 1884இல் சரகோசா பக்கம் அல்மொனாசித் என்ற ஊரில் பழைய வீடு ஒன்றை இடித்தபோது, பொய்த்தளத்துக்கு அடியில் இப்படிப்பட்ட ஏடுகள் குவியலாக வெளிவந்தன.

அவர் ஏணி போட்டு ஏறி, ஏட்டுப் பக்கங்களைப் படமெடுத்துப் போட்ட ஒரு தடித்த புத்தகத்தை இறக்கினார். ராத்தா மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டார். "ஜபர், ஜேர் எல்லாம் போட்டிருக்கு டீச்சர், வாசிக்கலாம்" என்றார். உயிரொலியைக் காட்டும் குறிகளைச் சொன்னார். விரலை வைத்து எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கினார். ஓர் இடத்தில் நின்றார். 'b' ஒலிக்கான 'பே' எழுத்துக்கு மேல் தேவையில்லாத இடத்தில் ஷத்து, அதாவது எழுத்தை இரட்டிக்கும் குறி. நான் எங்கோ படித்திருந்தது கைகொடுத்தது: அரபியில் 'பழம்' என்பதில் வரும் 'ப' (p) ஒலி கிடையாது, அதற்காக இவர்கள் செய்த ஏற்பாடு. "அப்ப நம்ம அர்வி மாதிரிதான்" என்றார் ராத்தா. அவருடைய உம்மும்மா கொழும்பில் இருந்த மாப்பிள்ளைக்குக் கடிதம் எழுதியது அரபுத் தமிழில்தான். தமிழின் ஒலிகளுக்காக அரபி எழுத்தில் கூடுதலாகப் புள்ளி வைப்பார்கள். ஒரு கடிதத்தை ராத்தா இன்னும் குர்ஆன் உறைக்குள் வைத்திருக்கிறார்.

ஷத்தைப் 'ப' என்று மாற்றிக்கொண்டு மறுபடி வாசித்தார். ஒரு சொல்லுக்கும் அவருக்கு அர்த்தம் தெரியாது. கடைக்காரருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் மூன்றாவது வரியில் அந்த மனிதர் கருவியைக் காதில் அழுத்திக்கொண்டு குனிந்தார். "கொரஸோன்" என்றார், தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி. இதயம். இன்னும் இரண்டு வரி போனது. "நோச்சே... இரவு." ராத்தா வாசிக்க வாசிக்க அவர் பழைய ஸ்பானிய மொழியாகத் திருப்பிச் சொல்ல, நான் கைபேசியில் தேடித் தமிழில் சொன்னேன். அரைப் பக்கம் முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. நடுவில் வந்த இரண்டு பேரை "இப்போது முடியாது, பிறகு வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார். புத்தகத்தின் விலை 60 யூரோ. எங்களால் முடியவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை, அந்தப் பக்கத்தைப் படமெடுத்துக்கொள்ளச் சொன்னார்.

மாலையில் ஒரு கன்னியர் மடத்தில் பலகாரம் வாங்கப் போனோம். அடைபட்ட மடம், சிஸ்டர்கள் முகம் காட்டமாட்டார்கள். சுவரில் மரத்தாலான உருளைப் பெட்டி. காசை வைத்தால் உள்ளே சுழலும், பலகாரம் வெளியே வரும். அதற்குப் பேர் தோர்னோ. நோரியாவைச் சுற்றும் பொறிக்குத் தெரசம்மாள் எழுதிய சொல்லும் அதுவே. மணியை அடித்தேன். "மாசற்ற மரியே வாழ்க" என்று ஒரு குரல். கற்று வைத்திருந்த பதிலைச் சொன்னேன். பலகாரத்தில் பன்றிக்கொழுப்பு உண்டா, என் தோழி முஸ்லிம் என்றேன். உள்ளே சத்தமே இல்லை. கோபப்பட்டுவிட்டார்களோ என்று பயந்தேன். பிறகு பெட்டி சுழன்றது. பலகாரப் பட்டியல் தாளில், கொழுப்பு சேர்க்காதவற்றுக்கு நேரே பென்சிலால் கோடு போட்டிருந்தது. வாதுமையும் தேனும் சேர்த்ததை எடுத்துக்கொண்டோம், ஒன்பது யூரோ.

"உங்கள் தோழியின் பேர் என்ன? இன்றிரவு ஜெபத்தில் சொல்கிறேன்" என்றது குரல். ராத்தா மரத்துக்கு அருகில் வாயை வைத்துத் தன் பேரைச் சொன்னார். "அவங்க பேரையும் கேளுங்க டீச்சர், நானும் துஆ கேக்கணும்." கேட்டேன். "எர்மானா" என்று பதில் வந்தது. சிஸ்டர், அவ்வளவுதான்.

அக்டோபர் 13, தொலேதோ

நேற்று நாட்டு விழா, எல்லாம் மூடியிருந்தது. பஸ் பயணத்திலேயே ஒரு நாள் போயிற்று.

1577 டிசம்பரில் அருளப்பரை அவருடைய சொந்தச் சபையாரே பிடித்துவந்து இந்த ஊரில் அடைத்தார்கள். ஒரு ஆள் படுக்கத்தான் இடம், ஒன்பது மாதம், சாட்டையடி வேறு. ஆகஸ்டில் தப்பினார். அந்த மடம் இன்று இல்லை. அது இருந்த மேட்டில் நின்றால் கீழே தாகோ ஆறு பாறையில் மோதும் சத்தம் கேட்கிறது. இருட்டாக இருந்தாலும் எனக்கு ஊற்று தெரியும் என்று அவர் பாடியது இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும். ராத்தா கால்வலியால் அறையிலேயே இருந்துவிட்டார். தனியாகப் போய்விட்டு மர்சிபான் என்ற வாதுமை இனிப்போடு திரும்பினேன்.

அக்டோபர் 15, அவிலா

தெரசம்மாளின் திருநாள். குளிர் எலும்புவரை போனது. ஊர் 1100 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இரண்டரை கிலோமீட்டர் மதில், முழுசாக நிற்கிறது. பவனியில் தெரசம்மாளின் சுரூபத்தைத் தோளில் தூக்கி வந்தார்கள். பின்னால் பேண்டு வாத்தியம். தூத்துக்குடி பனிமய மாதா திருவிழா கூட்டம் இல்லை, ஆனால் சுரூபம் நெருங்கும்போது பெண்கள் முகத்தில் வரும் மாற்றம் அதேதான்.

'உள்ளக் கோட்டை' நூலில், ஆன்மா ஒரு பளிங்குக் கோட்டை, அதற்குள் ஏழு உறைவிடம், நடு அறையில் அரசர் என்கிறார் தெரசம்மாள். வெளியே பாம்பும் பல்லியும். 907இல் மறைந்த பாக்தாத் சூஃபி அபுல் ஹுசைன் நூரி, விசுவாசியின் நெஞ்சில் அல்லாஹ் ஏழு கோட்டைகளைக் கட்டினான் என்று எழுதினார். ஒன்றுக்குள் ஒன்று. வெளியே மண்சுவர், உள்ளே போகப் போக வெள்ளி, பொன், கடைசியில் மாணிக்கம். வெளியே ஷைத்தான் நாய் மாதிரி குரைப்பான். போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த லூசே லோபெஸ்-பரால்ட் என்ற அறிஞர் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டியிருக்கிறார். ஏழு என்ற எண்ணும், ஒன்றுக்குள் ஒன்றாக இருப்பதும், நடுவில் இறைவனும் தற்செயலாகப் பொருந்த முடியுமா? எனக்கு அது முடியாது என்றுதான் படுகிறது. ஆனால் புத்தகத்தைப் பார்த்து எழுதியிருப்பார் என்றும் தோன்றவில்லை. கிரனாடாவிலிருந்து விரட்டப்பட்டவர்களில் பலர் வந்து சேர்ந்த ஊர்களில் அவிலாவும் ஒன்று. அதற்கும் முன்பே இங்கே தலைமுறை தலைமுறையாக முஸ்லிம் கொத்தர்களும் கொல்லர்களும் வாழ்ந்தார்கள். தெரசம்மாளின் தாத்தாவே யூத மதத்திலிருந்து மாறி, 1485இல் தொலேதோ மதவிசாரணை மன்றத்தில் தண்டனை பெற்றவர். இப்படிப்பட்ட ஊரில் ஒரு கதை வீட்டுக்கு வீடு போக யார் அனுமதியும் வேண்டியதில்லை.

மதிலுக்கு வெளியே அவதார மடத்தில், அருளப்பர் தன் கையால் வரைந்த சிலுவைப் படம் இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் துண்டு. மேலிருந்து பார்க்கிற கோணம், தலை தொங்கி முகம் மறைந்திருக்கிறது. டாலி 1951இல் வரைந்த பெரிய ஓவியத்துக்கு இதுதான் வித்து.

அங்கே வரிசையில் பக்கத்தில் நின்ற பாட்டி, எண்பத்தைந்து வயது இருக்கும், எங்களைப் பற்றி விசாரித்தார். நான் தெரிந்த ஸ்பானிய மொழியில் சொன்னேன். உங்களுக்குப் பிடித்த ஜெபம் எது என்று கேட்டதற்கு, கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டு இரண்டு கைகளையும் கோத்து ஒரு கவிதையைச் சொன்னார். பதினான்கு வரி, ஓர் இடத்திலும் தடுமாறவில்லை. நீ தருவதாகச் சொன்ன மோட்சத்துக்காக உன்னை நேசிக்கவில்லை. நரகத்துக்குப் பயந்தும் இல்லை. மோட்சமே இல்லாவிட்டாலும் நேசிப்பேன், நரகமே இல்லாவிட்டாலும் அஞ்சுவேன். சின்னப் பிள்ளையில் பள்ளியில் கற்றதாம்.

நான் தமிழில் சொல்லி முடிக்கும் முன் ராத்தா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இது ராபியா அம்மா சொன்னதுல்லா!" பஸ்ராவின் ராபியா, 801இல் மறைந்தவர். ஒரு கையில் நெருப்பு, ஒரு கையில் தண்ணீர். சொர்க்கத்தைக் கொளுத்த, நரகத்தை அணைக்க. அந்தக் கதை ஐரோப்பாவுக்கு வந்ததற்கு எழுத்தில் சாட்சி உண்டு. 13ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசர் லூயியின் தூதராகப் போன ஈவ் என்ற துறவி, திமிஷ்கில் (டமாஸ்கஸ் நகரில்) நெருப்பும் தண்ணீரும் ஏந்திய ஒரு கிழவியைத் தெருவில் கண்டதாக அரசரின் தோழர் ஜுவான்வில் எழுதிவைத்திருக்கிறார். அங்கே ராபியா என்ற பேர் இல்லை, 'ஒரு கிழவி' மட்டும். ஸ்பானியக் கவிதைக்கு அது நேரடி மூலம் என்று நான் சொல்லமாட்டேன். 1628இல் முதலில் அச்சான அந்தக் கவிதையை எழுதியது யார் என்று பாட்டியைக் கேட்டேன். தெரசா என்பார்கள், அருளப்பர் என்பார்கள் என்று கையை விரித்தார். "அனோனிமோ, இஹா." பேர் இல்லை, மகளே.

இரவு உணவுக்குப் பன்றி கலக்காத உணவு தேடி மூன்று கடை ஏறி இறங்கினோம். இந்த ஊரில் அவரையிலும் அது, உருளையிலும் அது. நான்காவது கடையில் காட் மீனும் ரொட்டியும் கிடைத்தன. தெரசம்மாள் பேரில் விற்கும் முட்டைமஞ்சள் இனிப்பு ஒரு பெட்டி வாங்கினோம். ராத்தாவுக்குப் பிடித்துப்போயிற்று.

அக்டோபர் 16, அரேவலோ

மகன் மாட்ரிட்டில் காத்திருந்தான். இருந்தாலும் ஒரு நாள் தள்ளி, ரயிலேறி வடக்கே அரேவலோ வந்தோம். பயணிகள் வருவது பன்றிக்குட்டி வறுவலுக்காக. தெருவெல்லாம் அந்த வாசம். ராத்தா முக்காட்டு முனையால் மூக்கை மூடிக்கொண்டே நடந்தார், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கடைப் பையன் எங்கள் நிலைமையைப் புரிந்துகொண்டு, தனிச் சட்டியில் தனி எண்ணெயில் முட்டையும் உருளைக்கிழங்கும் போட்டுக் கொண்டுவந்தான். சட்டியையும் கொண்டுவந்து காட்டினான்.

அருளப்பர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, கைத்தறி நெய்யும் ஏழைத் தாயோடு இந்த ஊரில் சில வருஷம் இருந்தார். அதற்குக் கொஞ்சம் முன்னால் இதே ஊரிலிருந்து ஒரு மொரிஸ்கோ இளைஞர் புறப்பட்டு, ஸ்பெயின் முழுக்க அலைந்து, ரகசியமாக மார்க்கத்தைக் காப்பவர்களைத் தேடித் தேடிப் பார்த்து, அல்ஹமியாதோவில் எழுதிவைத்தார். அவர் தன்னை 'அரேவலோ ஊர்ப் பையன்' என்று மட்டும் சொல்லிக்கொண்டார். பேர் சொன்னால் உயிர் போகும் காலம். கிரனாடாவில் அவர் தேடிப்போன ஆசிரியை ஒரு மூதாட்டி, 93 வயது, மார்க்க ஞானத்தில் கரைகண்டவர். அவருக்கும் பேர் இல்லை. 'உபேதா ஊர் முஸ்லிம் பெண்' என்று மட்டும்.

என்னை உலுக்கிய செய்தி அடுத்தது. அந்தப் பையனின் எழுத்தில் பக்கம் பக்கமாக வரும் பக்தி உபதேசங்கள், தாமஸ் கெம்பிஸின் 'கிறிஸ்து அநுசாரம்' நூலிலிருந்து எடுத்தவை என்று ஆய்வாளர்கள் ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள். கிறிஸ்துவின் பேர் வரும் இடங்களை மட்டும் மாற்றியிருக்கிறார். எங்கள் வீட்டில் அப்பா தினம் ஒரு அத்தியாயம் வாசித்த புத்தகம் அது. சூஃபிகளிடமிருந்து நம் பக்கம் என்ன வந்தது என்று தேடிக்கொண்டு வந்தேன். பதினோரு நாளாக ஒரு திசையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். எரிக்கவும் விரட்டவும் செய்தவர்களின் புத்தகத்தைக்கூட, நெஞ்சுக்கு உதவும் என்றதும், அரபி எழுத்தில் தன் ஆட்களுக்காக எழுதி வைத்திருக்கிறான் ஒரு பையன்.

ஊர்ச் சதுக்கத்தில் செங்கல் கோபுரங்கள், முஸ்லிம் கொத்தர்களின் பாணியில் எழுந்தவை. கல்தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். ராத்தா செருப்பைக் கழற்றிவிட்டு ஃபாத்திஹா ஓதினார். முடிவில் இன்னாருக்காக என்று பேர் சொல்லி ஈசால் சவாபு செய்ய வேண்டும், அதாவது ஓதியதன் நன்மையை இறந்தவருக்குச் சேர்த்துவைக்க வேண்டும். அந்த இடத்தில் நிறுத்தினார். கொஞ்ச நேரம் கையேந்தியபடியே இருந்தார். பிறகு தமிழிலேயே சொன்னார்: "மயோர்க்கா வாத்தியாருக்கு. உபேதா ஊரு உம்மாவுக்கு. அரேவலோ ஊர்ப் பையனுக்கு."

நான் ஜெபமாலையை எடுத்தேன். ஒரு பத்து மணி சொல்வதற்குள் கோயில் மணி ஐந்து அடித்தது. ரயில் ஐந்தேகாலுக்கு. ராத்தாவால் வேகமாக நடக்க முடியாது. அந்த ரயில் போய்விட்டது, அடுத்தது ஏழு மணிக்குமேல். நிலையத்தில் காத்திருப்பு அறை பூட்டியிருந்ததால் நடைமேடை பெஞ்சில் ஒரே சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தோம். பெட்டியில் இனிப்பு நான்கு மிச்சம் இருந்தது. ஆளுக்கு இரண்டு.